நல்ல நேரத்தில் வெடித்த கண்டென்சர்

தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ‘சுயம்பு சவுண்ட் சர்வீஸ்’ என்ற கடை இருந்தது. முன்பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றின் வாய்க்குள் ஒன்றாகச் செருகி அடுக்கப்பட்டிருக்கும். கல்லாவுக்கு மேலே முருகன் படம், ஊதுவத்தி, தினசரி காலண்டர். பின்பக்கத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. அந்த அறையில் ஒரு மர மேசைக்குப் பின்னால் பதினோரு வருடங்களாக உட்கார்ந்திருந்தவர் அம்மாசி. வருகிறவர்கள் கண்ணில் பட்டது முன்பக்கம். கடையை ஓட்டியது பின்பக்கம்.

அம்மாசி சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக் குடிசை ஒன்றில் பிறந்தவர். அமாவாசையன்று பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர் தேட அவருடைய அப்பாவுக்கு நேரமில்லை. ஆற்றில் மணல் அள்ளுகிற வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினாறு வயதில், பொதுக்கூட்டங்களுக்கு மைக்செட் கட்டுகிறவர்களோடு ஒயர் சுமக்கப் போனார். மேடைக்கு மேலே சாதி ஒழிய வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சை ஊருக்குக் கேட்கவைத்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேடைக்குக் கீழே இருந்தது. அதைத் தொட அவரை அனுமதிக்க மூன்று வருடம் ஆயிற்று.

ஆங்கில எழுத்துகளை அவர் படித்தது, அந்தப் பெட்டிக்குள் சிவந்து எரியும் வால்வுகளின் கண்ணாடிக் குழாய்மேல் அச்சடித்த எழுத்துகளிலிருந்தும் எண்களிலிருந்தும். சர்க்யூட் படத்தை விரித்து வைத்தால் எந்த ஒயர் எங்கே போகிறது, எங்கே மின்சாரம் தேங்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்று விரலால் காட்டிக்கொண்டே போவார். அதே படத்தின் அடியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைப் படிக்கச் சொன்னால் திணறுவார். அது அவருக்கு அவமானமாகப் பட்டதில்லை. பெயரைப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். படத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

மைக்செட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் முதல் பாட்டைப் போடுகிறவன் கைராசிக்காரனாக இருக்க வேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் ஸ்பீக்கர் உறுமினால் அது இயந்திரக் கோளாறு அல்ல, அபசகுனம். அம்மாசி போன இடத்தில் எதுவும் உறுமியதில்லை, எதுவும் நின்றதில்லை. காரணம் எளிது. வெளியே போகவேண்டிய செட்டை முதல்நாளே நாலு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார். சூடேறுகிற வால்வை மாற்றுவார். உப்பிக்கொண்டிருக்கும் கண்டென்சரைக் கழற்றி எறிவார். ஊர் அதையெல்லாம் பார்க்கவில்லை. “அம்மாசி கையி ராசியான கையி” என்றது. வேலையைப் பாராட்டவேண்டிய இடத்தில் ராசியைப் பாராட்டினார்கள். அம்மாசி மறுக்கவில்லை. இளித்துக்கொண்டு வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டார். அது ஒரு தவறு. எவ்வளவு பெரிய தவறு என்பது 1972 டிசம்பரில்தான் தெரிந்தது.

மயிலாப்பூரில் கானமஞ்சரி சபா என்றொரு சபா. அங்கே 1958இல் ஒரே நாளில் வாங்கிய இரண்டு வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. ஒன்று கச்சேரிக்கு, மற்றொன்று அதற்குத் துணை. அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சபா நிர்வாகிகள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கோர்ட்டுக்குப் போனதில் அரங்கம் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. நவம்பரில் தீர்ப்பு வந்தது. டிசம்பர் இருபதாம் தேதி கச்சேரிகள் தொடங்குவதென்று புதிய காரியதரிசி பட்டாபிராமன் அறிவித்தார். மத்திய சர்க்கார் ஆபீஸில் ஓய்வுபெற்றவர். கோப்பும் பஞ்சாங்கமும் ஒரே கைப்பையில் வைத்திருப்பவர்.

பெட்டிகளைப் பார்த்துவரப் பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை கடை முதலாளி சுயம்புலிங்கமும் அம்மாசியும் போனார்கள். சுயம்புலிங்கம் திசையன்விளைப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்தபோது, பாத்திரத்தைவிடச் சத்தத்தில் லாபம் அதிகம் என்று கண்டுபிடித்தவர்.

சபாவின் பின்வாசல் வழியாகப் போனார்கள். அறையைத் திறந்ததும் அம்மாசி பெட்டிகளைத் தொடாமல் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“சார், ரெண்டு வருசமா கரண்டே காட்டாத பொட்டி. ஒரேடியா சுச்சு போட்டா தாங்காது. இன்னிக்கு எட்த்துக்கினு போறேன். மெதுவா ஏத்தி, ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டுக் குட்த்துடறேன்.”

“இன்னிக்கு அஷ்டமி” என்றார் பட்டாபிராமன்.

“அப்ப நாளிக்கு.”

“நாளைக்கு நவமி. ஏன் சுயம்பு, உம்ம ஆளுக்குப் பஞ்சாங்கமே தெரியாதா?”

“பொட்டிக்கும் தெரியாது சார்” என்றார் அம்மாசி.

சுயம்புலிங்கம் அவர் காலை மிதித்தார். பட்டாபிராமன் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை தசமி. காலம்பர ஹோமம் முடிஞ்ச கையோட, ஒன்பதே முக்காலுக்கு ஸ்விட்ச் போடறோம். அதுவரைக்கும் இந்த ரூமை விட்டு ஒரு சாமானும் வெளில போகப்படாது. ரெண்டு வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னாச்சு. இனிமேயாவது நல்ல நேரத்துல ஆரம்பிக்கணும்.”

ஒரு பெரிய கண்டென்சருக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அலுமினியத் தகடு, ஈரக் காகிதம், அலுமினியத் தகடு என்று சுருட்டி ஒரு டப்பாவில் அடைத்திருப்பார்கள். தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். அந்தப் படலம்தான் நானூறு வோல்ட் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிற சுவர். அந்தச் சுவர் மின்சாரத்தாலேயே வளர்வது, மின்சாரத்தாலேயே உயிரோடு இருப்பது. வருடக்கணக்கில் பூட்டி வைத்தால் கரைந்து மெலிந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தால் மறுபடி வளரும். ஒரேயடியாகக் கொடுத்தால் உடையும். இதில் அஷ்டமிக்கும் நவமிக்கும் ஒரு வேலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மல்லிகைச் சரம் சுற்றினார்கள். கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பட்டாபிராமன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “அம்மாசி, நீ ராசிக்காரனாமே. நீயே போடு” என்றார்.

அது அவருக்கு அங்கே கிடைத்த முதல் மரியாதை. அந்த ஒரு நொடியில் அம்மாசி இரண்டாவது தவறைச் செய்தார். போடக்கூடாது என்று தெரிந்தும் போட்டார்.

வால்வுகள் சிவந்தன. ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய உறுமல் கிளம்பியது. யாரோ ஓங்காரம் போலக் கேட்கிறது என்றார். உறுமல் வளர்ந்தது. அம்மாசியின் கை ஸ்விட்சை நோக்கித் திரும்பிப் போவதற்குள் பெட்டிக்குள் பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம். வெள்ளைப் புகை. தகட்டுத் துணுக்குகளும் ஈரக் காகிதமும் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தின் மேலும் பட்டாபிராமனின் பஞ்சகச்சத்தின் மேலும் போய் ஒட்டிக்கொண்டன. வெடித்த கண்டென்சரின் திரவத்துக்கு ஒரு வாடை உண்டு. கிட்டத்தட்டக் கருவாட்டு வாடை.

“என்ன ஓய் இது, மீன் நாத்தம்?” என்றார் கமிட்டியில் ஒருவர்.

எட்டுப் பேரும் பெட்டியைப் பார்க்கவில்லை. அம்மாசியைப் பார்த்தார்கள்.

“அமாவாசைன்னு பேர் வெச்சிண்டிருக்கறவன் கையால ஸ்விட்ச் போடச் சொன்னா வேற என்ன ஆகும்?” என்று இன்னொருவர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாரே தவிர, எல்லோருக்கும் கேட்டது.

செய்தி மைக்செட்டைவிட வேகமாகப் பரவியது. மறுநாள் மாலைக்குள் மந்தைவெளியில் ஒரு கல்யாண வீடும், லஸ் பக்கம் ஒரு சீமந்த வீடும் ஒரே செய்தியைச் சொல்லி அனுப்பின: செட் வரலாம், அந்த ஆள் வரவேண்டாம். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன.

சுயம்புலிங்கம் பின்னறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஏலே அம்மாசி, ஒம்மேல தப்புன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியும்லா. ஆனா ஊரு வாயை நான் எதக் கொண்டு அடைக்க? இனிமே நீ வெளிய போவாண்டாம். உள்ள இருந்து வேலையைப் பாரு. கருணாகரன் போயி சுவிட்ச் போடட்டும்.”

கருணாகரன் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன். ஒயரைச் சுருட்டத் தெரியும், பெட்டியைத் தூக்கத் தெரியும். பார்ப்பதற்குச் சிவப்பாக, நெற்றி நிறையத் திருநீற்றோடு இருப்பான். தகுதி அதுதான்.

“எத்தினி நாளிக்கு மொதலாளி?”

“நாளுக் கணக்கா? ஊரு மறக்க வரைக்கும்.”

ஊர் மறக்காது என்பது அம்மாசிக்குத் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகுவதுதான் அவருக்கு வேலை. பின்னறையில் செய்வதெல்லாம் அதற்கான ஆயத்தம். இனி ஆயுசுக்கும் அந்த ஜன்னலில்லாத அறை. அவர் உயிர் கொடுக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் வேறொருவன் உட்காருவான். நாளை ஒரு பெட்டி கெட்டால், உள்ளே தொட்டது அமாவாசைக் கை என்பார்கள். ஒழுங்காக ஓடினால் கருணாகரனின் ராசி என்பார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி சுப்பம்மா அனுதாபப்படவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்:

“ராசி ராசின்னு அவங்க சொல்லசொல்ல இளிச்சுக்கினு வந்தியே, அப்ப எங்க போச்சு புத்தி? நல்ல ராசி உண்டுன்னா கெட்ட ராசியும் உண்டுதானே? நீதானே ஒத்துக்கினே?”

அவள் சொன்னது சரியாக இருந்தது.

சபாப் பெட்டிகள் இரண்டும் கடைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றில் இரண்டு பெரிய கண்டென்சர்களில் ஒன்று வெடித்துப்போயிருந்தது. துணைப் பெட்டியை அன்று யாரும் தொடவில்லை. அதிலிருந்த இரண்டும் முழுதாக இருந்தன. நான்கையும் மாற்றிவிடுவதென்று அம்மாசி முடிவு செய்தார். ரிச்சி தெருவில் அப்துல் கய்யூமின் உதிரிபாகக் கடைக்குப் போய்க் கேட்டார். கய்யூம் பாய் நாலு டப்பாவை எடுத்து வைத்தார். அம்மாசி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, அடியில் அச்சடித்திருந்த தேதியைத் தேடினார்.

“இன்னா அம்மாசி, நீகூட நாள் பாக்க ஆரம்பிச்சுட்டியா?”

“மனுசனுக்குப் பாக்க மாட்டேன் பாய். கண்டென்சருக்குப் பாப்பேன். இது ரெண்டும் நாலு வருசம் உன் அலமாரில தூங்கிக்கினு கீது. போன வருசத்து சரக்கைக் குடு.”

கய்யூம் பாய் முணுமுணுத்துக்கொண்டே பரண்மேல் ஏறினார்.

கண்டென்சர் மாற்றுகிற வேலை பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அம்மாசி அதை ஒரே வரிசையில்தான் செய்வார். முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். வேறு யாரும் செருகிவிடக் கூடாது. பிறகு ஒரு பீங்கான் ரெசிஸ்டரின் இரண்டு முனையையும் கண்டென்சரில் கவ்வவைத்து, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருப்பார். பெட்டியை அணைத்து வெகுநேரம் ஆன பின்னும் ஆளைத் தூக்கி எறிகிற அளவு மின்சாரம் அதற்குள் தேங்கி நிற்கலாம். பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி, காலைக் கழற்றி, பிடிவளையத்தைத் தளர்த்தி டப்பாவை உருவுவார். புதியதை வைக்கும்போது பிளஸ் எது, மைனஸ் எது என்று மூன்று முறை பார்ப்பார். வாய்விட்டுச் சொல்வார். அந்த அறையில் அவர் உரக்கப் பேசுவது அப்போது மட்டும்தான்.

துணைப் பெட்டியிலிருந்து கழற்றிய பழைய இரண்டையும் குப்பைக்கூடையில் போடக் கையெடுத்தவர், போடாமல் நிறுத்தினார். ஒரே கம்பெனி. ஒரே வருடம். ஒரே இருட்டறையில் ஒரே அளவு நாள் கிடந்தவை. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்கால் மணிக்குப் பட்டாபிராமன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மூன்றேகாலிலிருந்து நாலேகால்வரை நல்ல நேரம். பெட்டியை எடுத்துப்போக அவர் குறித்த நேரம் அது. பின்னறை வாசலில் நின்றவர் அம்மாசியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“சுயம்பு, இவனையா தொடவிட்டீர்?”

சுயம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அம்மாசி எழுந்து நின்றார்.

“சார், ஒரு பரிச்சை வெக்கலாமா? பத்து நிமிசம். இப்ப நல்ல நேரந்தானே?”

“பேஷான நேரம். அதுக்கென்ன?”

“இந்த ரெண்டு கண்டென்சரும் உங்க துணைப் பொட்டில இருந்தது. ரெண்டும் ஒரே வயசு. இதுல ஒண்ண நீங்க எடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க. இந்த நல்ல நேரத்துல, உங்க கையால நேரா சுச்சு போடுங்க. நான் தொடவே மாட்டேன். ஒயரைக்கூடக் கருணாகரனே மாட்டட்டும். எங்கே மாட்டணும்னு வாயால சொல்றேன்.”

பட்டாபிராமன் நாற்பது வருடம் சர்க்கார் கோப்பு பார்த்தவர். விதிமுறை என்று ஒன்றைச் சொன்னால் அவருக்குக் காது தானாக நீளும். “இன்னொண்ணு?” என்றார்.

“இன்னொண்ணு எனக்கு. என் கையால. நாலரைக்கு மேல, ராகுகாலத்துல.”

சுயம்புலிங்கம் காலண்டரைப் பார்த்தார். கருணாகரன் வாசலைப் பார்த்தான். பட்டாபிராமன் யோசித்து, இடதுபக்க டப்பாவைக் காட்டினார்.

நானூறு வோல்ட் தருகிற சோதனைப் பலகை ஒன்று மேசைமேல் இருந்தது. கருணாகரன் அதிலிருந்து டப்பாவுக்கு ஒயரை மாட்டினான். டப்பாவின் மேல் ஓர் இரும்பு வாளியைக் கவிழ்த்தான். “மாமா, வெடிக்காம போச்சுன்னா இன்னா பண்ணுவே?” என்று அம்மாசியிடம் கிசுகிசுத்தான்.

“வெடிக்கலன்னா நான் நெனச்சது தப்புன்னு ஒத்துக்குவேன். மூடிக்கினு உள்ளயே ஒக்காந்துக்குவேன்.”

பட்டாபிராமன் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. மீட்டர் முள் பாதியில் நின்று நடுங்கியது. பட்டாபிராமனின் முகத்தில் புன்னகை வந்தது. “பாத்தியோ?” என்றார். இரண்டாவது நிமிடம். அம்மாசியின் கழுத்தில் வேர்வை இறங்கியது. மூன்றாவது நிமிடம் வாளிக்கு அடியிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு வாளி ஒரு சாண் உயரம் எழும்பிக் கீழே விழுந்து உருண்டது. அறை முழுவதும் கருவாட்டு வாடை.

கருணாகரன்தான் முதலில் வாயைத் திறந்தான். “சாமி கையிலயும் அதே நாத்தந்தான் வருது.”

“ஏலே, சும்மா கெட!” என்று சுயம்புலிங்கம் அதட்டினார்.

பட்டாபிராமன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் முட்டாள் அல்ல. “ஒண்ணு வெடிச்சா என்ன அர்த்தம்? தற்செயலா இருக்கலாம். அந்த டப்பாவே சோடையா இருக்கலாம்” என்றார்.

“சரியான கேள்வி சார்” என்றார் அம்மாசி. உண்மையாகவே சொன்னார். “அதுக்குத்தான் ரெண்டாவது.”

“எனக்கு நேரமாறது, நான் கிளம்பறேன்” என்று பட்டாபிராமன் கைப்பையை எடுத்தார். ரிக்‌ஷாக்காரனைத் தேடிச் சந்து முனைவரை போனார். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது மணி நாலு முப்பத்திரண்டு. ராகுகாலத்தில் அவர் எந்த இடத்துக்கும் கிளம்புகிறவர் அல்ல. ஆறு மணிவரை கடையை விட்டு நகர முடியாது. திரும்பி வந்து, வேறு வழியில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அம்மாசி இரண்டாவது டப்பாவைத் தன் கையால் மாட்டினார். மின்சாரம் வருகிற வழியில் ஒரு பல்பை வைத்தார். முதலில் இருபத்தைந்து வாட். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

“இப்ப பல்பு நல்லா எரியுது பாருங்க சார். உள்ள சொவரு இல்ல, கரண்டு ஒழுகுதுன்னு அர்த்தம். பல்பு நடுவுல நின்னுக்கினு, அதிகமா போவாம தடுக்குது. சொவரு வளர வளர ஒழுகறது கொறையும். பல்பு மங்கும்.”

“ஏன் அப்படி?”

“பத்து நாள் பட்டினி கெடந்தவனுக்கு எடுத்ததுமே பிரியாணி போட்டா இன்னா ஆவான்? மொதல்ல கஞ்சித் தண்ணி. அப்புறம் கஞ்சி. அப்புறந்தான் சோறு. எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் சார்.”

பட்டினியைப் பற்றிப் பட்டாபிராமனுக்குத் தெரிந்ததெல்லாம் ஏகாதசி.

இருபது நிமிடத்தில் பல்பு மங்கிச் சிவப்பு நூலாயிற்று. அம்மாசி அதைக் கழற்றி நாற்பது வாட் பல்பு வைத்தார். மறுபடி பளிச்சென்று எரிந்து, மறுபடி மங்கியது. பிறகு அறுபது. பிறகு நூறு. மீட்டர் முள் நூறு, இருநூறு, முந்நூறு என்று ஏறிக்கொண்டே வந்தது. ஐந்தரை மணிக்குப் பட்டாபிராமன் ஸ்டூலை மேசைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்தே முக்காலுக்கு, முள் எங்கே நிற்கிறது என்று அவரே படித்துச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்மாசி பல்பையே எடுத்துவிட்டு நேராக மின்சாரம் கொடுத்தார். முள் நானூறில் போய் நின்றது. அசையவில்லை. அம்மாசி டப்பாவை உள்ளங்கையால் தொட்டார். குளிர்ந்திருந்தது.

“தொட்டுப் பாருங்க சார்.”

பட்டாபிராமன் ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார்.

“அப்போ அன்னிக்கும் இதேதானா?”

“அன்னிக்கும் இதேதான். அஷ்டமியன்னிக்கு நான் கேட்டது இந்த ஒண்ணரை மணி நேரந்தான். அதுக்கு மேல ஓட்டிப் பாக்க ஒரு பகல். ஆனா தெரிஞ்சுக்கினே அன்னிக்கி சுச்சு போட்டேன் பாருங்க, அது என் தப்பு. அத நான் ஒத்துக்கறேன். ராசி கீசியெல்லாம் ஒத்துக்க மாட்டேன்.”

பட்டாபிராமன் டப்பாவிலிருந்து கையை எடுத்தார். பிறகு சுயம்புலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: “இவன் சொல்றது சரிதான். கைல தோஷமில்லை. நானே பாத்துட்டேன்.”

அறையில் மூச்சு இலேசாயிற்று. கருணாகரன் சிரித்தான். பட்டாபிராமன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இருந்தாலும், இருபதாம் தேதி கருணாகரனே வரட்டும். கமிட்டில எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. நான் எத்தனை பேருக்குப் பல்பு ஏத்திக் காட்டிண்டு இருக்க முடியும்?”

உண்மை தெரியாதவனிடம் பொறுமையாக இருக்கலாம். உண்மையைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அதற்குப் பிறகும் பழைய இடத்திலேயே போய் நிற்கிறவனை என்ன செய்வது? நாட்டில் பாதி அநியாயம் அறியாமையால் நடப்பதில்லை. தெரிந்தவர்களின் சௌகரியத்தால் நடக்கிறது.

அம்மாசி கத்தவில்லை. சோதனைப் பலகையின் பிளக்கைப் பிடுங்கினார். கண்டென்சரில் ரெசிஸ்டரைக் கவ்வவைத்தார். முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பொட்டியோட நான் வருவேன் சார். முன்னாடி ஒக்காருவேன். பாடறவங்க மொகம் தெரியற எடத்துல. இல்லன்னா பொட்டி இங்கயே கெடக்கட்டும். மொதலாளி என்னை வெளிய போன்னு சொன்னா, சால்டரிங் அயர்னைக் கீழ வெச்சுட்டு இப்பவே போறேன்.”

சுயம்புலிங்கத்தின் முகம் இறுகியது. “ஏலே, யாருகிட்ட பேசுதே?” என்றார்.

“உங்ககிட்டதான் மொதலாளி.”

பட்டாபிராமன் கருணாகரனைப் பார்த்தார். “நீ வரமாட்டியோ?”

“வரலாம் சாமி. தூக்கிக்கினு வருவேன், எறக்கி வெப்பேன். உள்ள எதுனா உஸ்ஸுன்னுச்சுன்னா நான்தான் மொதல்ல ஓடுவேன். எனக்கு வாளி கவுக்க மட்டுந்தான் தெரியும்.”

இப்போது எல்லோரும் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார்கள். அவருடைய தாத்தா காலத்தில் அவர்கள் ஊர்ப் பக்கத்துக் கோயிலுக்குள் அவருடைய ஆட்கள் நுழைய முடியாது. வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் கதையை அவர் தன் மனைவி தங்கபுஷ்பத்திடம்கூட அதிகம் பேசியதில்லை. அப்போது அதை நினைத்தாரா என்று யாருக்கும் தெரியாது. தை மாத முகூர்த்தங்களை நினைத்திருக்கலாம். அம்மாசி போய்விட்டால் கடையில் இருக்கும் பதினான்கு பெட்டிகளை யார் திறப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். மனிதனுக்குள் நியாயம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துக்காட்டுகிற மீட்டரை இன்னும் யாரும் செய்யவில்லை.

“எங்கிட்ட வேற ஆளு இல்ல சாமி” என்றார் அவர். “அம்மாசி வந்தா பெட்டி வரும். அவ்வளவுதான் சொல்லுதேன். கல்யாண வீட்டுக்காரங்களுக்கும் இனிமே இதான்.”

பட்டாபிராமன் காலண்டரைப் பார்த்தார். கச்சேரிக்கு மூன்று நாள். வேறு கடை தேட நேரமில்லை. “மத்தவா கேட்டா நீரே பதில் சொல்லும்” என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினார். மணி ஆறு தாண்டியிருந்தது.

இருபதாம் தேதி புதன்கிழமை காலையிலேயே அம்மாசி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சபாவின் முன்வாசல் வழியாகப் போனார். பெட்டியைக் கருணாகரனும் அவருமாகத் தூக்கிவந்ததால், குறுக்கே நின்றவர் வழிவிடத்தான் வேண்டியிருந்தது. மேடைக்கு இடதுபக்கம், முதல் வரிசைக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டார். சாயங்காலம் கச்சேரிக்கு வந்த கமிட்டிக்காரர்களில் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு எட்டாவது வரிசைக்கு இடம் மாறினார்கள். அம்மாசி அதைக் கவனித்தார்.

மாலை நாலே முக்காலுக்குப் பட்டாபிராமன் கையில் கற்பூரத் தட்டோடு வந்தார்.

“நல்ல நேரம் வந்துடுத்து. ஸ்விட்சைப் போடலாம்.”

“போட்டாச்சு சார். காலைலயே வந்து போட்டுட்டேன். பகல் பூராம் ஓடிக்கினு கீது. சூடு இல்ல, சத்தம் இல்ல.”

“காலம்பர எத்தனை மணிக்கு?”

“ஏழே முக்கால் இருக்கும்.”

பட்டாபிராமன் மனதுக்குள் கணக்குப் போட்டார். கற்பூரத் தட்டு ஆடியது. “அட பாவி, புதன்கிழமை ஏழரைலேர்ந்து ஒன்பது வரைக்கும் எமகண்டம்னா!”

ஸ்பீக்கர்கள் அமைதியாக இருந்தன. பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு முகப்பில் எரிந்த சிவப்பு விளக்கு மட்டுமே அடையாளம். பட்டாபிராமன் காதைச் சாய்த்துக் கேட்டார். பழைய உறுமல் துளிகூட இல்லை. பிறகு சுற்றிலும் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் குனிந்து, “சரி, போனது போகட்டும். யார்ட்டயும் சொல்லிண்டிருக்காதே” என்றார்.

“நானா போயி சொல்ல மாட்டேன் சார்” என்றார் அம்மாசி, குமிழில் கை வைத்தபடி. “கேட்டா சொல்லுவேன்.”

பாடகர் மேடையேறி உட்கார்ந்தார். அம்மாசி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார்.